காம்போ கணக்கு: நிதானமாக ஆடும் கட்டை ஆட்டத்தில் புள்ளி போடும் விதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கட்டை விழும் ஆட்டம் ஒன்றைக் கைப்பேசிக்காகச் செய்துவருகிறோம். மேலிருந்து கட்டை இறங்கும், திருப்பி அடுக்க வேண்டும், வரிசை நிரம்பினால் மறையும். அவ்வளவுதான் ஆட்டம். வேலை விட்டு வந்து காலை நீட்டி உட்காருகிறவர்கள், தமிழ்ப்பள்ளி வாசலில் பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாத்தா பாட்டிகள், இரவு ஷிப்ட் முடிந்தும் தூக்கம் பிடிக்காதவர்கள், இவர்களை மனதில் வைத்துச் செய்தது. ஆடுகிறவர்களும், சொந்தமாக ஆட்டம் செய்யக் கற்றுக்கொள்ளும் தம்பி தங்கைகளும் எதைவிடவும் காம்போவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே.

காம்போ என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு வரிசை மறைந்த சூட்டோடு அடுத்த வரிசையும் மறைந்தால் அது காம்போ. தொடர்ந்து எத்தனை முறை நடக்கிறதோ அத்தனைக்கு போனஸ் ஏறும். இதோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே கட்டை விழுந்து, அதனால் மேலே இருப்பது சரிந்து, அந்தச் சரிவில் இன்னொன்று அழிவது சங்கிலி. நான்கு வரிசையை ஒரே அடியில் அழித்து, நடுவில் சின்ன அழிப்பு எதுவும் இல்லாமல் மறுபடியும் நான்கை அழிப்பதற்குத் தருகிற கூடுதல் புள்ளி வேறு வகை. இங்கே பேசுவது முதலாவதைப் பற்றி.

ஓய்வாக ஆடுகிற ஆட்டத்துக்குக் காம்போ எதற்கு? எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

எடுத்துப் பார்த்தால் தெரியும், ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாக நிற்கும், முன்னே செய்ததற்கும் இப்போது செய்வதற்கும் தொடர்பு இருக்காது. அடுக்குகிற கைக்கு ஒரு தாளம் வேண்டும், அந்தத் தாளத்தைத் தருவது காம்போதான்.

ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் காம்போ ஆளை விரட்டுகிறது. "சீக்கிரம், சீக்கிரம், விட்டால் போச்சு" என்கிறது. நாங்கள் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே விஷயம்: நிதானமாக ஆடுகிறவர் இயல்பாகச் செய்வதைக் காம்போ கண்டுகொள்ள வேண்டும், அவரை வேறு மாதிரி ஆடச் சொல்லி நெருக்கக் கூடாது. கீழே உள்ள எண்களெல்லாம் அதிலிருந்து வந்தவை.

டெட்ரிஸ் கணக்கு இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

டெட்ரிஸ் 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. எல்லாக் கட்டை ஆட்டங்களுக்கும் அதுதான் தாய்வீடு. 10 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம், நான்கு கட்டங்கள் சேர்ந்த 7 வகைக் கட்டைகள். இந்த அமைப்பில் நாங்கள் கை வைக்கவில்லை. புள்ளிக்கணக்கு மட்டும் வேறு ஆட்களுக்காகப் போடப்பட்டது.

1989-இல் வந்த நிண்டெண்டோ பதிப்பைப் பாருங்கள். தொடக்க நிலையில் ஒரு வரிசைக்கு 40, இரண்டுக்கு 100, மூன்றுக்கு 300, நான்குக்கு 1200. நான்கு வரிசையை ஒவ்வொன்றாக அழித்தால் 160 புள்ளி, ஒரே அடியாக அழித்தால் 1200. ஏழரை மடங்கு! ஓரத்தில் பள்ளம் விட்டு, நீளக்கட்டை எப்போது வரும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கச் சொல்கிற கணக்கு அது. அந்தப் பதைப்புக்காகவே அதை ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது சரி.

இப்போதைய டெட்ரிஸ் பதிப்புகள் பலவற்றில் 100, 300, 500, 800 என்று இருக்கும். நான்கு ஒற்றைகளுக்கு 400, ஒரே அடிக்கு 800, ஆக இரண்டு மடங்கு. இதில் காம்போவும் உண்டு: இரண்டாவது தொடர் அழிப்புக்கு 50, மூன்றாவதுக்கு 100, நான்காவதுக்கு 150 என்று ஏறிக்கொண்டே போகும். இவை எல்லாவற்றையும் நிலை எண்ணால் பெருக்குவார்கள். வேகம் கூடக் கூடப் புள்ளியும் கூட வேண்டும் என்பதற்காக. எங்கள் ஆட்டத்தில் வேகம் கூடுவதே இல்லை, அதனால் அந்தப் பெருக்கலுக்கு வேலை இல்லை.

சரி, உங்கள் கணக்குதான் என்ன?

ஒரு வரிசைக்கு 100. இரண்டுக்கு 220. மூன்றுக்கு 360. நான்குக்கு 520. அதாவது கூட ஒரு வரிசை சேரும்போது ஒவ்வொரு வரிசையின் விலையும் 10 ஏறுகிறது: 100, 110, 120, 130.

அதன்மேல் காம்போ. காம்போவுக்கு 0 முதல் 5 வரை படிகள். ஒரு வரிசை அழிந்தால் ஒரு படி ஏறும், நான்கு அழிந்தால் நான்கு படி. அழிக்கும்போது எந்தப் படியில் நிற்கிறீர்களோ அதை 20-ஆல் பெருக்கி, அழிந்த ஒவ்வொரு வரிசைக்கும் சேர்த்துக்கொள்வோம். 5-ஆம் படியில் வரிசைக்கு 100 கூடுதல். அதற்கு மேல் ஏறாது.

போனஸை ஒரு அழிப்புக்கு என்று வைக்காமல் ஒரு வரிசைக்கு என்று வைத்தது ஏன்?

ஆட்டம் செய்கிறவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அழிப்புக்கு 100 என்று வைத்தால் என்ன ஆகும்? உச்சப் படியில் நான்கு ஒற்றைகளுக்கு 200 வீதம் 800 கிடைக்கும். நான்கையும் பொறுமையாக அடுக்கி ஒரே அடியில் அழித்தவருக்கு 520-உம் 100-உம் சேர்ந்து 620 தான். பொறுமையாக அடுக்கியவர் தோற்றுப்போவார். யாரும் அதை வாயால் சொல்ல மாட்டார்கள், ஆனால் கை கண்டுபிடித்துவிடும். பெரிதாக அடுக்குகிற ஆசையே ஆட்டத்திலிருந்து போய்விடும்.

வரிசைக்கு என்று வைத்தால் அதே நான்குக்கு 520 + 400 = 920. ஒற்றை ஒற்றையாக ஆடுகிறவருக்கு 800. வித்தியாசம் 15 விழுக்காடு. இருவரும் ஒரே தெருவில் நடக்கிற தூரத்தில் இருக்கிறார்கள். அடுக்குகிறவருக்குக் கொஞ்சம் கூடுதல், அது நியாயம். ஒற்றையாக ஆடுகிறவரும் "நமக்கு இந்த ஆட்டம் வராது" என்று நினைக்க மாட்டார்.

போனஸ் 5-ஆம் படியோடு நிற்கிறதே, திறமையாக ஆடுகிறவர்களுக்கு இது அநியாயம் இல்லையா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து வருகிறது. கேட்பது நியாயம்தான், அதனால் கணக்கையே காட்டுகிறேன்.

50, 100, 150 என்று நிற்காமல் ஏறும் முறையில், தொடர்ந்து 20 ஒற்றை வரிசை அழித்தால் போனஸ் மட்டும் 9500. வரிசைகளின் சொந்தப் புள்ளி 2000 தான். மொத்தம் 11,500. அதே 20 வரிசையில் நடுவே ஒரே ஒரு கட்டை தவறி, பத்து பத்தாகப் பிரிந்துபோனால் மொத்தம் 6500. ஒரு கட்டை, 5000 புள்ளி! பத்தாவது வரிசையைத் தாண்டிய பிறகு ஆடுகிறவர் மனதில் அடுக்குவது இருக்காது, அந்தத் தொடர் அறுந்துவிடுமோ என்கிற பயம்தான் இருக்கும்.

எங்கள் கணக்கில் அறாமல் 20 அழித்தால் 3700. நடுவில் ஒருமுறை அறுந்தால் 3640. அறுபது புள்ளி நஷ்டம். வருத்தப்படக்கூட நேரம் ஆகாத நஷ்டம்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தியை ஆழமாக விட்டால் அன்றைக்குப் பால் பிடிக்கும் மங்கு நிறையும்; பட்டை காயப்பட்டு, ஆறும்போது முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. காம்போவுக்கு அள்ளிக் கொடுக்கும் புள்ளியும் அப்படித்தான் வேலை செய்கிறது. அன்றைய ஆட்டம் பரபரப்பாக இருக்கும், ஆள் திரும்ப வரும்போது ஓய்வுக்காக வர மாட்டார்.

காம்போ எப்போது அறும்?

வழக்கமான விதி: வைக்கிற ஒவ்வொரு கட்டையும் ஒரு வரிசையையாவது அழிக்க வேண்டும். ஒரு கட்டை சும்மா உட்கார்ந்தால் தொடர் போச்சு.

இது எவ்வளவு கடினம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு வரிசைக்கு 10 கட்டம், ஒரு கட்டை தருவது 4 கட்டம். ஆக ஒரு வரிசைக்குச் சராசரியாக இரண்டரைக் கட்டை வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வரிசை அழிய வேண்டுமென்றால் மீதி 6 கட்டம் முன்கூட்டியே அடுக்கி வைத்த மேட்டிலிருந்து வர வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் 6 கட்டம் அகலத்துக்கு மேடு எழுப்பி, 4 கட்டம் பள்ளம் விட்டு, பிறகு அந்தப் பள்ளத்துக்குள் ஒவ்வொன்றாக விட்டு நீளமான தொடர் போடுவது இதனால்தான். அழகான வித்தை. ஆனால் சாயங்காலம் ஒட்டுக்கடையில் தேத்தண்ணிக்குக் காத்திருக்கும்போது செய்கிற காரியம் இல்லை.

எங்கள் விதி: ஒரு வரிசை அழித்தால், அடுத்த 3 கட்டைக்குள் இன்னொன்று அழிந்தால் போதும். இரண்டரையை மேலே தூக்கிய எண் 3. நான்கு வரிசையை ஒரே அடியில் அழித்தவருக்கு 12 கட்டை அவகாசம், ஏனென்றால் அடுத்த நான்கைக் கட்ட அவருக்குச் சராசரியாக 10 கட்டை வேண்டும். நடுவில் சின்ன அழிப்பு ஒன்று நடந்தாலும் மிச்சமிருக்கும் அவகாசம் குறையாது. பழையது, புதியது இரண்டில் எது பெரிதோ அது நிற்கும். 12-க்கு மேல் மட்டும் சேராது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அவகாசம் கட்டையில்தான், விநாடியில் இல்லை. எங்கள் பகுதித் தோட்டமொன்றில் பால்வெட்டி ஓய்வுபெற்ற அத்தை ஒருவர் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு வழக்கம். கைப்பேசியை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது சுட்டுவிரலால்தான் தள்ளுவார். காம்போவுக்கு ஒரு பட்டை கரைந்துகொண்டே வரும் வேறோர் ஆட்டத்தைத் திறந்து கொடுத்தால் விரல் திரையைத் தொடுவதற்கு முன்பே தோள் இரண்டும் மேலே ஏறிவிடும், கண் கட்டையை விட்டுப் பட்டைக்குப் போகும். "எதுக்குப்பா இவ்வளவு அவசரம்? யாரு தொரத்துறா?" என்பார். எங்கள் ஆட்டத்தில் நடுவே எழுந்து போய், அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். காம்போ அப்படியே இருக்கும். மூன்று கட்டை மூன்று கட்டைதான்.

அதே காரணத்துக்காகக் கட்டை தரையைத் தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதில்லை. பல ஆட்டங்களில் அரை விநாடிதான் தருவார்கள். இங்கே நீங்கள் அழுத்தினால்தான் ஒட்டும்.

அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டு படி இறங்கும், அவ்வளவுதான். 5-இல் இருந்தவர் 3-க்கு வருவார். அடுத்த 3 கட்டைக்குள்ளும் எதுவும் அழியாவிட்டால் இன்னும் இரண்டு. இறங்கும்போது சத்தமோ சிவப்பு நிறமோ எதுவும் வராது.

நீளக்கட்டை வரவே மாட்டேங்குதே, வேண்டுமென்றே தருவதில்லையா?

இல்லை. 7 வகைக் கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுக்கிறோம். பை காலியானதும் மறுபடி ஏழு. அதனால் ஒரு நீளக்கட்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவே அதிகபட்சம் 12 கட்டைதான் வர முடியும். பை இல்லாமல் ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் எடுத்தால், தொடர்ந்து 12 கட்டையில் நீளக்கட்டையே வராமல் இருக்க ஏறக்குறைய 16 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அப்படி ஒரு வறட்சியில் காம்போ அறுந்தால் அது ஆடுகிறவர் குற்றமே இல்லை. அவகாச விதியையும் பையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காம்போ ஏறும்போது வருகிற சத்தம் என்ன ராகமா?

மோகனம். பலர் காதாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ரொம்பச் சந்தோஷம்.

மோகனத்தின் ஏறுவரிசை ச ரி க ப த, பிறகு மேல் ச. ஆறு சுரம். எங்கள் படிகளும் 0 முதல் 5 வரை ஆறு. 0-இல் அழித்தால் ச, 1-இல் ரி, 2-இல் க, 3-இல் ப, 4-இல் த, 5-இல் மேல் ச. மத்திமமும் நிஷாதமும் இல்லாத ராகம் என்பதால் எந்தச் சுரத்தோடு எது சேர்ந்து ஒலித்தாலும் காதில் உரசாது. இரண்டு அழிப்பு நெருங்கி வந்து ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் பரவாயில்லை. இதே ஐந்து சுரம் சீன இசையிலும் புழங்குவது. பக்கத்துக் கடை சீன அங்கிளும் தனக்குத் தெரிந்த பாட்டு மாதிரி இருக்கிறது என்று சொல்லித் தலையாட்டுகிறார்.

புள்ளியைக் குறைத்து வைத்துவிட்டு ஆடுகிறவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், என் பதில் இந்தச் சத்தம்தான். உச்சப் படியில் மேல் ச ஒலிக்கும்போது கிடைக்கிற நிறைவை ஆயிரம் புள்ளி தராது. காம்போவைத் தணிக்க நினைக்கிறவர்கள் முதலில் எண்ணைக் குறைப்பார்கள், அத்தோடு நிறுத்திவிடுவார்கள். பிறகு ஆட்டம் உயிரில்லாமல் கிடக்கிறதே என்பார்கள். எண்ணில் குறைப்பதைக் காதில் திருப்பிக் கொடுங்கள்.

கட்டையைச் சட்டென்று கீழே இறக்கினால் கூடுதல் புள்ளி உண்டா?

கிடையாது. மற்ற ஆட்டங்களில் ஒரு கட்டத்துக்கு 2 புள்ளி தருவார்கள். அது அவசரத்துக்குத் தருகிற கூலி.

அடுக்கு மேலே முட்டினால் ஆட்டம் முடிந்துவிடுமா?

முடியாது. அடியிலுள்ள நான்கு வரிசை கரைந்து இடம் விடும். அதற்குப் புள்ளி கிடையாது, காம்போவும் மாறாது.

ஒரு கட்டையைத் திரும்ப எடுக்கிற வசதியை வைத்துப் புள்ளியைப் பெருக்க முடியாதா?

முடியாது. திரும்ப எடுத்தால் கட்டையோடு புள்ளி, படி, மிச்ச அவகாசம், பையில் அடுத்து வரவேண்டிய கட்டை எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும்.

புயோ புயோ மாதிரி சங்கிலிக்குப் பெரிய புள்ளி வைத்தால் என்ன?

ஒரே நிறக் குமிழ்கள் நான்கு சேர்ந்தால் மறையும் ஆட்டம் அது. 1990-களில் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் சங்கிலி ஒவ்வொரு கண்ணி நீளும்போதும் பெருக்கல் 8, 16, 32, 64 என்று ஏறும். நான்கு நான்காக ஐந்து கண்ணி போட்டால் 40, 320, 640, 1280, 2560. அங்கே அது தேவை, ஏனென்றால் அது எதிராளியோடு மோதுகிற ஆட்டம். 70 புள்ளிக்கு ஒன்று என்று குப்பைக்கல் எதிரே விழும், சங்கிலிதான் ஆயுதம். தனியாக ஆடுகிறவருக்கு யாரை அடிக்க ஆயுதம்? எங்கள் ஆட்டத்தில் வரிசை அழிந்தபின் மேலே இருப்பது நேராகக் கீழே இறங்கும், உதிர்ந்து சரியாது. அதனால் சங்கிலியே உருவாகாது.

அண்ணே, இது சூடாக இல்லை. போட்டி போட ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, தம்பி. அமைப்பில் "போட்டி" என்று தனிக் கதவு வைத்திருக்கிறோம். அங்கே வேகம் ஏறும், 100, 300, 500, 800 கணக்கு, காம்போவுக்கு உச்சவரம்பு இல்லை, ஒரு கட்டை தவறினாலும் தொடர் அறும். இரண்டின் புள்ளிப் பட்டியலும் கலக்காது. ஒரே பட்டியலில் வைத்தால் நிதானமாக ஆடுகிறவர் எப்போதும் அடியில் கிடப்பார், யாரும் விரட்டாமலே அவர் அவசரப்படத் தொடங்கிவிடுவார்.

நிதான ஆட்டத்தில் புள்ளி திரையில் ஓடிக்கொண்டிருக்காது. நிறுத்தினால் தெரியும். தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இந்த எண்கள் சரி என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

இரண்டு வழி. ஒன்று, தானே ஆடும் நிரல் இரண்டு எழுதினோம். ஒன்று கிடைக்கிற வரிசையை உடனே அழிக்கும், மற்றது நான்குக்காகக் காத்திருக்கும். தொடர் அறாமல் 100 வரிசை போனால், தாளில் போட்ட கணக்குப்படி முதலாவதுக்கு 19,700, இரண்டாவதுக்கு 22,520 வர வேண்டும். இடைவெளி 14 விழுக்காடு. எண் எதையாவது மாற்றும்போது இந்த இடைவெளி 20-ஐத் தாண்டினால் அந்த மாற்றத்தை ஏற்பதில்லை.

இரண்டாவது வழி, ஆடுகிறவர் பக்கத்தில் உட்காருவது. திரையைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்ப்பது. காம்போ அறும் நொடியில் "ச்சே" என்று வாயில் வருகிறதா? கட்டையைத் திருப்புகிற விரல் கெட்டியாகிறதா? அறுந்ததே தெரியாமல் அடுத்த கட்டையை எடுத்தால் அந்த விதி நிற்கும். என்னைக் கேட்டால் நிரல் சொல்வதைவிட இதைத்தான் நம்பச் சொல்வேன். இரண்டு ஆட்ட வகைக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று நிரல் சொல்லும், ஒருவருக்கு மூச்சு முட்டுகிறதா என்று அதற்குத் தெரியாது.

செம்பனைத் தோட்டத்துக்குள் லைன் கிடைக்காது. அங்கே ஆடினால் புள்ளி சேருமா?

சேரும். கணக்கு முழுவதும் கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது. பட்டணத்துக்கு வந்து லைன் கிடைத்ததும் பட்டியலில் ஏறிக்கொள்ளும்.

இந்த எண்களை என் ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் உங்கள் பலகையின் அகலம் 10 இல்லையென்றால் அவகாச எண்ணை முதலில் மாற்றுங்கள். அகலத்தை 4-ஆல் வகுத்து, விடையைவிடப் பெரிய அடுத்த முழு எண்ணை எடுங்கள்: 8 கட்டம் அகலத்துக்கு 3, 10-க்கு 3, 12-க்கு 4. கட்டைகள் நான்கு கட்டத்துக்குப் பதில் ஐந்து கட்டமாக இருந்தால் 5-ஆல் வகுக்க வேண்டும். நான்கு வரிசைக்கான அவகாசம் அதன் நான்கு மடங்கு. படிகளின் எண்ணிக்கையை உங்கள் ராகத்தின் சுரங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏழு சுர ராகம் என்றால் மேல் ச-வோடு எட்டு படி வரும், அப்போது படிக்கு 20 என்பதை 14 அளவுக்கு இறக்கினால் உச்சப் படி போனஸ் 98-இல் நிற்கும்.